ஆச்சியின் அடுக்களையும் நமது ஏக்கங்களும்

சென்ற மாதம் நண்பர்கள் கூடிய ஓர் இலக்கியச் சந்திப்பில் ஒருவர் கட்டுரை வாசித்தார். மறைந்துவரும் நம் வீட்டு அடுக்களைகளைப் பற்றியது. அம்மி, ஆட்டுரல், உறி, வெண்கலப் பானை, கரி படிந்த சுவர், ஈர விறகின் மணம் என்று ஒன்றையும் விடவில்லை. மொழி நன்றாகவே இருந்தது. வாசித்து முடித்தபோது இரண்டு மூன்று பேர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். ஈர விறகு எரிந்தபோது கண்களைத் துடைத்துக்கொண்டவர்களைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரியும் இல்லை என்பதை எழுந்து சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. காரணம் கூச்சம் மட்டுமன்று. ஏறத்தாழ அதே கட்டுரையை 2004ஆம் ஆண்டில் நானே எழுதி, அது ஒரு சிற்றிதழில் அச்சாகி, நான்கைந்து பாராட்டுக் கடிதங்களும் வந்திருந்தன. அவற்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஆகவே இங்கு நான் எழுதப்போவதில் ஒரு பகுதி என்மீதே எய்யப்படுவது.

நான் எழுதிய அடுக்களை கற்பனையன்று. திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில், 1936இல் கட்டியதாகப் பத்திரம் சொல்லும் எங்கள் வீட்டில் அது இருந்தது. இரு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். தெருவிலிருந்து நுழைந்தால் தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அரங்கு, இவையெல்லாம் கடந்தபின் அடுக்களை, அதற்குப் பின்னால் விறகறை, கடைசியாகப் புறவாசல். பதினான்கு அடி நீளம், எட்டடி அகலம். சன்னல் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கூரையிலிருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு சதுர வெளிச்சம் தரையில் விழும். அந்தச் சதுர வெளிச்சத்தைப் பற்றி என் பழைய கட்டுரையில் ஒரு முழுப் பத்தி இருக்கிறது. அதை எழுதும்போது, மற்றைய நேரங்களில் அங்கே என்ன வெளிச்சம் இருந்தது என்ற கேள்வி எனக்கு எழவில்லை. விளக்குப் போட்டால்தான் பருப்பில் கல் பொறுக்க முடியும் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருந்தும் எழவில்லை.

1969இல் மணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு இருபது வயது. விறகடுப்பு, மரத்தூள் அடுப்பு, பம்ப் ஸ்டவ், பிறகு 1991இல் எரிவாயு என்று அடுப்புகள் மாறினவே தவிர, அறை மாறவில்லை. வாசற்படியை ஒட்டி ஒரு சாண் பள்ளத்தில் அங்கணம். பாத்திரம் கழுவுவதும் அரிசி களைவதும் அங்கேதான், குந்தியிருந்து. 2022இல் அந்த ஒரு சாண் இறக்கத்தில் வழுக்கி அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகுதான் வீட்டு ஆண்களுக்கு அடுக்களை என்று ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இடித்துக் கட்டுவது என்று முடிவானதும் எதிர்ப்புகள் வரத் தொடங்கின. அயல்நாட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழும் என் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, “ஆச்சி புழங்கின எடம்டே அது. அதை மட்டும் விட்டுரு. வேணும்னா மாடியில புதுசா ஒண்ணு கெட்டு” என்றார். இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்து நாள் வந்து தங்குபவர் அவர். வரும்போதெல்லாம் அடுக்களை வாசலில் நின்று படம் எடுப்பார். உள்ளே போனதை நான் பார்த்ததில்லை. எழுபது வயதைக் கடந்தவர் ஒவ்வொரு காப்பிக்கும் மாடி ஏறி இறங்க வேண்டும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. அரைமணி நேரம் பேசினார். மரபு, வேர், அடையாளம் என்ற சொற்கள் மாறி மாறி வந்தன. கடைசியில் மதினி அலைபேசியை வாங்கி, “கொழுந்தனாரே, நீங்க இடிச்சிருங்க. அவுகளை நான் பாத்துக்கிடுதேன்” என்று வைத்துவிட்டார். பத்து நாள் விடுமுறையில் ஒன்பது நாளை அந்தச் சன்னலில்லாத அறையில் கழித்தவர் அவர்.

நம் நினைவேக்கக் கட்டுரைகளில் அனேகமாக எப்போதும் ஒரு சிறுவன் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு முதல் தோசை கிடைக்கிறது. ஆச்சி அவன் தலையைத் தடவுகிறாள். அவன் வளர்ந்து எழுத்தாளனாகிறான். அடுக்களையின் உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கோணம் அக்கட்டுரைகளில் இல்லை. இருந்தால் அவை வேறு வகை எழுத்தாகிவிடும். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ அப்படிப்பட்டது. 1988இல் அதே தலைப்பிட்ட தொகுப்பு வெளிவந்தது. ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்றில் தெற்கிலிருந்து போன மருமகள் அடுக்களையைக் கொஞ்சம் விரிக்கலாமே என்று சொல்லிவிட்டுப் படும்பாடு நம்மில் பலருக்கும் தெரியும். அக்கதையைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசியவர்களை எனக்குத் தெரியும். நானும் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வீடு திரும்பி, சன்னலில்லாத அடுக்களையிலிருந்து வந்த காப்பியைப் பட்டாசலில் உட்கார்ந்து குடித்திருக்கிறேன். 2021இல் ஜியோ பேபியின் மலையாளப் படம் ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’ வந்தபோதும் இதே கதைதான். அதில் தொட்டிக்கடியில் ஒழுகும் குழாயைப் பழுதுபார்க்க ஆளனுப்பும்படி மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். ஆண் எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதினார்கள். எத்தனை வீடுகளில் குழாய் பழுதுபார்க்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

புகைக்கு வருகிறேன். திண்ம எரிபொருள், மண்ணெண்ணெய் ஆகியவற்றால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பக்கவாதம், இதயநோய், நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்று, குழந்தைகளின் நிமோனியா எல்லாம் அதில் அடக்கம். கண்புரையோடும் விறகுப் புகைக்குத் தொடர்பு உண்டு. எங்கள் ஆச்சி தன் அறுபதாம் வயதிலிருந்தே இருமிக்கொண்டிருந்தார். பீடி சுருட்டு அறியாத பெண்மணி. வைத்தியர்கள் கபம் என்றார்கள், ஈளை என்றார்கள். நான் என் கட்டுரையில் அந்த இருமலையும் விடவில்லை. அதிகாலையில் ஆச்சியின் இருமல் கேட்டால் அடுப்பு மூட்டியாயிற்று என்று பொருள் என எழுதி, அதை ஒரு மணியோசைக்கு ஒப்பிட்டிருந்தேன். உவமை நன்றாக இருப்பதாக ஒருவர் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்.

ஆட்டுரலுக்கும் இதையே சொல்ல வேண்டும். கல்லில் ஆட்டிய மாவின் ருசியே தனி என்பவர்களை நான் மறுக்கவில்லை. ருசி தனியாகத்தான் இருக்கும். கல்லைச் சுற்றியவர்கள் சுற்றிய நேரத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு மாவாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரிசி தனி, உளுந்து தனி. பிறகு உரல் கழுவ வேண்டும். 2006 தேர்தலுக்குப் பின் வந்த அரசு இலவச எரிவாயு அடுப்புக் கொடுத்தபோதும், 2011இல் அடுத்த அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோதும், நம் இலக்கிய வட்டாரத்தில் எழுந்த ஏளனத்தை நினைத்துப் பாருங்கள். தமிழன் இலவசத்துக்கு விலைபோனான் என்று தலையங்கத் தொனியில் வருந்தினோம். அத்திட்டங்களின் தேர்தல் கணக்குகளை அறியாதவன் அல்லன் நான். இருந்தாலும் அந்த ஏளனத்தைச் செய்தவர்களில் குழவியைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

விறகறையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அடுக்களைக்குச் சன்னல் இல்லாமற்போனதற்கு அதுதான் காரணம். பின்சுவரை ஒட்டி விறகு அடுக்க ஓர் அறை. அதன் ஓரத்தில் ஒரு பாய் விரிக்கும் அகலத்தில் இடம். மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் அங்கே இருந்தார்கள். தட்டும் தம்ளரும் தனி. என் அத்தைகள் இருவர் அங்கே இருந்து பள்ளிப் பாடம் படித்ததாகச் சொல்வார்கள். புறவாசலுக்கு அப்பால் ஒரு சந்து. பாத்திரம் துலக்க வரும் பெண்மணி அந்தச் சந்து வழியாகத்தான் வருவார். துலக்கிய பாத்திரங்களைப் புறவாசல் திண்டில் கவிழ்த்து வைப்பார். அவற்றின்மேல் தண்ணீர் தெளித்த பிறகே ஆச்சி உள்ளே எடுப்பார். முப்பது ஆண்டுகள் எங்கள் பாத்திரங்களைத் துலக்கியவர், அவற்றில் சமைத்த அறையை ஒருமுறையும் உள்ளிருந்து பார்த்ததில்லை. அவருடைய தெருவிலிருந்து அந்த அடுக்களைக்குள் முதன்முதலாக நுழைந்தவர்கள் அதை இடிக்க வந்த கொத்தனார்களும் சித்தாள்களுமே. அண்ணன் காக்கச் சொன்ன மரபில் இதுவும் உண்டு. அவர் எடுத்த படங்களில் இது விழாது.

இவ்வளவு சொன்னதும், புதியதெல்லாம் நல்லது என்று கட்சி கட்டுவதாக நண்பர்கள் எண்ணக்கூடும். அந்தக் கட்சிக்கும் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

திருநெல்வேலியில் மாடுலர் கிச்சன் விற்கும் ஒரு காட்சிக்கூடத்துக்கு அம்மாவை அழைத்துப்போனேன். கணினித் திரையில் ஓர் அடுக்களையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார்கள். பளபளத்தது. தண்ணீர் சிந்தாத, கடுகு வெடிக்காத, மனிதர்கள் நிற்காத ஓர் இடம். முள்கரண்டி வைக்கத் தனி இழுப்பறை, அரிவாள்மனைக்கு இடமில்லை. “பொங்கப்பானை எங்க வைக்க?” என்று அம்மா கேட்டார். பெரிய பாத்திரங்களை இப்போதெல்லாம் யாரும் வைத்துக்கொள்வதில்லை என்றார் விற்பனைப் பிரதிநிதியான இளைஞர், மிகுந்த மரியாதையோடு. விலை நான்கரை லட்சம். அலமாரிகள் எதனால் ஆனவை என்று விசாரித்தேன். மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை. நாமோ அடுக்களைத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். அப்பலகையின் விளிம்பில் தண்ணீர் ஏறினால் ரொட்டிபோல ஊதிவிடும். ஊதியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ஒட்டுப்பலகையாவது வேண்டும். அல்லது நம் பழைய வழியில் கடப்பைக் கல் தட்டுகளை நிறுத்தி, கதவை மட்டும் மரத்தில் செய்யலாம். இதைக் கேட்டால் அது ‘பழைய மாடல்’ என்கிறார்கள். நான் மரபின் எதிரி என்று அண்ணன் சொன்ன அதே வாரத்தில், மரபின் அடிமை என்று இங்கே கணிக்கப்பட்டேன்.

இந்தக் காட்சிக்கூட அடுக்களைகளின் மூதாதையைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் வடிவமைத்தது அது. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியில் உள்ள அடுக்களை அதற்கு ஒரு முன்மாதிரி. அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே பெண்ணொருத்தி எத்தனை எட்டு நடக்கிறாள் என்று கணக்கெடுத்து, அந்த எட்டுகளைக் குறைக்க முயன்றார். உட்கார்ந்தே காய் நறுக்கச் சுழலும் முக்காலி, சன்னலுக்குக் கீழே வெளிச்சம் விழும் மேசை. சுமார் பத்தாயிரம் வீடுகளில் இது அமைந்தது. மகத்தான காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை வரைவதற்கு முன் தாம் வீடு நடத்தியதே இல்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை பெண்ணைத் தனிமைப்படுத்தி, வேறு யாரும் கைகொடுக்க முடியாமல் ஆக்கிவிட்டது என்று 1970களில் பெண்ணியவாதிகள் அதை விமர்சித்தார்கள். அளந்து கட்டியதிலும் யாருக்காக அளந்தோம் என்ற கேள்வி மிஞ்சத்தான் செய்கிறது. (பிராங்க்பர்ட்டை இழுக்காமல் ஒரு கட்டுரை எழுத முடியாதா என்று என் மனைவி கேட்கிறாள். நியாயம்தான்.)

அந்தக் கேள்வியில் நானும் தோற்றேன். அதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

விறகறையை இடித்தோம். பின்சுவரில் நாலுக்கு நாலடி சன்னல் வந்தது. அடுப்பை அதையொட்டி வைத்தோம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். விறகுக் காலத்து அடுக்களைக்குக் கூரையருகே திறப்பிருந்தால் போதும். சிலிண்டர் உள்ள அடுக்களைக்குத் தரைமட்டத்தில் ஒரு திறப்பு வேண்டும். அதையும் வைத்தோம். சுவரை உரித்தபோது கரியும் சுண்ணாம்பும் மாறி மாறிப் படிந்திருந்தது தெரிந்தது. பொறியாளர் அதன்மேல் சிமெண்ட் பூசிவிடலாம் என்றார். வயதான கொத்தனார் ஒருவர் மறுத்தார். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் போட்டு மூடினால் ஈரம் உள்ளே நின்று இரண்டு மழைக்குள் பூச்சு பொரிந்து விழும் என்றார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசினார். கூரையின் பனங்கைகளில் இரண்டை மட்டும் மாற்றினோம். மற்றவை தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இரும்புபோல் இருந்தன. மரபு என்று நான் மதிப்பது இந்தக் கொத்தனாரின் கையில் இருந்தது. அதைக் குறித்து நம் ஏக்கக் கட்டுரைகளில் ஒன்றும் வாசித்த நினைவில்லை. வாஸ்து பார்க்க வந்த ஒருவர், அடுப்பு அக்கினி மூலைக்குப் போகாவிட்டால் வீட்டுத் தலைவருக்கு ஆகாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். இருபுறமும் பொதுச்சுவர் உள்ள வீட்டில் அடுப்பு சுவர் விட்ட இடத்துக்குத்தான் போக முடியும்.

மேடை கட்டியாயிற்று. கறுப்புக் கிரானைட். முப்பத்துநான்கு அங்குல உயரம். அதுதான் எல்லா வீட்டிலும் வைக்கும் உயரம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். பால் காய்ச்சிய அன்று அம்மா அதன் முன் வந்து நின்றார். மேடை அவர் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே நின்றது. அடுப்பின்மேல் பாத்திரம் ஏறியதும் உள்ளே என்ன கொதிக்கிறது என்று அவரால் எட்டிப் பார்க்க முடியவில்லை. “யாரு நின்னு சமைக்கதுக்குடே இதைக் கெட்டியிருக்கு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்.

அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். நின்று வேலை செய்யும் மேடை, முழங்கையிலிருந்து பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது பால பாடம். அவருக்கு முப்பத்தோரு அங்குலம் போதும். பிராங்க்பர்ட் வரை போய்ப் படித்தவன் அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி முழங்கையை அளந்து பார்க்கவில்லை. ஐந்து மாதம் நடந்த வேலையில் பொறியாளர், கொத்தனார், ஆசாரி, மின்பணியாளர், தொலைபேசியில் அண்ணன், வாஸ்துக்காரர் என்று எல்லோருடைய கருத்தும் கேட்கப்பட்டது. அம்மாவிடம் கிரானைட்டின் நிறத்தைத்தான் கேட்டோம். தொடக்கத்தில் ஒருநாள், “எனக்கு ஒரு சன்னல் வச்சுக் குடு, போதும்” என்று அவர் சொன்னதை, அவர் வேறொன்றும் கேட்கவில்லை என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம். அந்த ‘போதும்’ ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் வந்த சொல் என்பது இடித்துக் கட்டத் துணிந்தவனுக்கும் உறைக்கவில்லை. ஏங்கி எழுதியவனும் இடித்துக் கட்டியவனும் ஒரே ஆள்தான். இரண்டு முறையும் நான் நின்றது வாசலில்.

மேடையை மறுபடி பெயர்த்தோம். கிரானைட்டில் ஒரு பலகை உடைந்தது; அதற்கு ஆன செலவை எழுதினால் அண்ணனுக்கு இன்னொரு வாதம் கிடைத்துவிடும். இப்போது ஒரு பகுதி முப்பத்தோரு அங்குலம். தொட்டியை ஒட்டிய பகுதி என் மனைவிக்கும் எனக்குமாக முப்பத்துநான்கு. பார்ப்பதற்குப் படிபோல இருக்கிறது. காட்சிக்கூடத்து இளைஞர் பார்த்தால் வருந்துவார். அம்மாவுக்கு உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கத்தான் இன்றைக்கும் பிடிக்கிறது. அதற்காகச் சன்னலோரம் தரையில் மேடை கட்டாமல் ஓர் ஆள் இடம் விட்டிருக்கிறோம். அங்கணப் பள்ளத்தை நிரவிவிட்டோம். அடுக்களையில் இப்போது வாரத்தில் நான்கு நாள் நான் சமைக்கிறேன். மோசமாகத்தான் சமைக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தியாகி வேடம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இனி, சந்திப்பில் கட்டுரை வாசித்த நண்பருக்கு ஒரு வார்த்தை. ஏங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சதுர வெளிச்சம் சில நாள் கனவில் வருகிறது. கட்டுரையை நூலாக்கப்போவதாகச் சொன்னீர்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் அதை உங்கள் வீட்டில் அந்த அடுக்களையில் சமைத்தவர் யாரேனும் உயிரோடிருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என் கட்டுரையை இருபது ஆண்டு கழித்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். இருமலை மணியோசை என்று எழுதிய இடத்தில் மட்டும், “அத்தைக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் கெடையாது பாத்துக்கோ” என்றார்.

நிற்க. எங்கள் ஆட்டுரல் புறவாசலில் முருங்கையடியில் கிடக்கிறது. கல் நன்றாகக் கொத்திய நிலையில் இருக்கிறது, குழவியும் உண்டு. வரவேற்பறையில் பூ மிதக்கவிட அன்றி, மாவாட்டவே வேண்டுமென்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். விலை வேண்டாம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். சந்து குறுகலானது, வண்டி வாசல்வரை வராது. அறிவித்து ஏழு மாதமாகிறது. இதுவரை இருவர் விசாரித்தார்கள். இருவரும் உணவகம் நடத்துகிறவர்கள். வாசலில் அலங்காரத்துக்கு வைக்கக் கேட்டார்கள்.